நீலப் பொத்தான் நின்ற இடம்

ஜூலை 2, செவ்வாய்
போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் அத்தை தூங்குகிறாள்.

அப்பா தொழிற்சாலைக்குப் புது உற்பத்தி லைன் வடிவமைக்கிறார். ஆர்டர் மாற மாற, அதே இயந்திரங்கள் இன்று மின்விசிறியும் நாளை மிக்சியும் செய்ய வேண்டுமாம். மேசைமேல் தீப்பெட்டிகள்தான் இயந்திரங்கள், பொத்தான்கள் ஆட்கள். நீலப் பொத்தான் அத்தை. பொருள் மாறும்போது இயந்திரத்தில் அதற்கு வடிவம் தரும் அச்சை மாற்றிப் பூட்டுவது அவள் வேலை.

"என்னண்ணா, என்னை ரொம்ப ஓரமா வச்சிட்டே?"

"நடுவுல வச்சா வழியை அடைச்சிடுவே."

அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி
இனி ஒரு தானியங்கி வண்டியே அச்சைக் கொண்டுவந்து பூட்டிவிடுமாம். அப்பா நீலப் பொத்தானை எடுத்து, வேண்டாத பொத்தான்கள் கிடக்கும் தட்டில் போட்டார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். "அத்தைகிட்ட மூச்சு விடாதே."

சாப்பிடும்போது அத்தை தன் முட்டையில் பாதியை எனக்கு வைத்தாள். 

ஜூலை 7, ஞாயிறு
பொத்தானைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

ஜூலை 8, திங்கள்
அப்பா அவசரத்தில் மேசையைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். சரியாகப் பார்க்கவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்
இன்று வெள்ளோட்டம். படத்தில் இருந்தபடியே ஆட்களை நிறுத்தினார்களாம். வண்டி வந்தது, பூட்டியது, போனது.

"நாள் பூரா மரம் மாதிரி நின்னேண்ணா. கையில ஒரு ஸ்பேனர்கூட இல்ல. 'என்னக்கா, போட்டோவுக்கு நிக்கிறியா'ன்னு கூட வேலை பாக்குறதுங்க கேக்குதுங்க."

"நான் உன்னை அங்க வைக்கலையே..." அப்பா பாதியில் நிறுத்தினார்.

"அப்ப எங்க வச்சே?"

அப்பாவின் கண் பொத்தான் தட்டுக்குப் போனது. அத்தையும் பார்த்தாள்.

ஜூலை 12, வெள்ளி
யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டா சொல்லிடுவேன் — ஏன் கேக்க மாட்டேங்கிறாங்க?

ஜூலை 16, செவ்வாய்
அத்தை வேலையை விட்டுவிட்டாள். "அவங்க போன்னு சொல்ற வரைக்கும் சும்மா நிக்க என்னால ஆகாது" என்றாள். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஏன்?

சாயங்காலம் என் பள்ளிச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு தைத்தாள். கழுத்துப் பொத்தான் அறுந்து நாளாகிறது.

"அப்பா மேசை நீலப் பொத்தானா? டீச்சர் திட்டுவாங்க அத்தை."

"திட்டட்டும்." நூலைப் பல்லால் கடித்தாள். "அண்ணன் வைக்கலைன்னா, இந்த வீட்டுல வேற யாரு என்னை எடுத்து வைப்பா?"

நான் சட்டையை வாங்கி மடித்து வைத்தேன். 

ஜூலை 17, புதன்
காலையில் தொழிற்சாலை பஸ் வழக்கம்போலத் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அத்தை சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். பிறகு படுத்துக்கொண்டாள்.

நான் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.