வீட்டை யார் கையில் கொடுப்பது

மே 18, ஞாயிறு

கத்திரி வெயில். காலை ஒன்பதுக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துணியை உதறாமலே கொடியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

பிளான் அப்ரூவல் நேற்று கைக்கு வந்தது. பிள்ளைச்சாவடி மனை, ஒன்றரைக் குழி, எண்ணூற்றுச் சொச்சம் சதுர அடி. ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, பாத்ரூம். காகிதத்தில் பார்த்தால் மகள் மதியின் பென்சில் டப்பா மாதிரி இருக்கிறது. ஆனாலும் எங்களுடையது. முத்தியால்பேட்டையில் ஷீட் போட்ட இந்த மாடியில் எட்டு வருடம். போதும்.

வைகாசிக்குள் பூஜை போட வேண்டும். விட்டால் ஆவணிதான் என்கிறார் இவர்.

கட்டப்போவது யார்? இதை யாரும் கேட்கவே இல்லை. பெருமாள் அண்ணன்தான் என்று எல்லோருக்கும் தீர்மானம். நாத்தனார் வீட்டுக்காரர். கொத்து வேலையில் ஆரம்பித்து இப்போது கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். பதினொரு வயதில் அப்பா போன பிறகு இவர் அக்கா வீட்டில்தான் வளர்ந்தார். படிக்க வைத்தது, டிரைவிங் பழக்கியது, காலேஜ் பஸ்ஸில் வேலைக்குச் சேர்த்தது, என்னைப் பெண் கேட்டு வந்தது, எல்லாம் அண்ணன்.

“வேற ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுப் பாக்கலாமா?” என்றேன்.

“மாமா இருக்கும்போது வெளியாள் எதுக்கு?”

“சும்மா கேக்கறதுதானே.”

இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எனக்குத் தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் ஒன்பது வருடமாகக் குவாலிட்டி செக்கிங். ஒரு மூடியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் பெட்டியில் போட்டதில்லை. வீட்டை அப்படிப் போட மனம் வரவில்லை.

கேட்க வேண்டியவை:
மணல், தண்ணீர் எங்கிருந்து.
மழைக்கு முன் தளம் போட முடியுமா.
முன்பு கட்டிய வீட்டுக்காரர்களிடம் பேசலாமா.

மதிக்குச் செருப்பு. ஸ்கூல் திறக்கப்போகிறது.

மே 20, செவ்வாய்

அரை நாள் லீவு. வீடு கட்டித் தரும் ஒரு கம்பெனி ஆபீஸுக்கு நான் மட்டும் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர். டை கட்டிய பையன் கம்ப்யூட்டரில் வீடு காட்டினான். புல்தரை, கார். எங்கள் மனையில் கார் நிறுத்தினால் சமையலறைக்குள்தான் நிற்கும்.

“நீங்க கட்டின வீடு ஒண்ணு நேர்ல பாக்கணும்.”

“வீடியோ அனுப்பறேன் மேடம்.”

“அந்த வீட்டுக்காரங்ககிட்ட பேசணும்.”

“அதெல்லாம் எங்க பாலிசில இல்ல மேடம்.”

கிளம்பும்போது பிள்ளைச்சாவடி எந்தப் பக்கம் என்று கேட்டான்.

இவரிடம் சொன்னேன். சிரித்தார். அண்ணன் பக்கம் ஒரு ஓட்டு விழுந்த சந்தோஷம்.

மே 25, ஞாயிறு

காலாப்பட்டில் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் குழம்பு. அண்ணன் தானே கட்டிய வீடு, இரண்டு மாடி, சுவரில் ஒரு கீறல் இல்லை. கடல் கூப்பிடு தூரம்.

“மாடல் பாக்கறதுக்கு நீங்க கட்டின வீடு ரெண்டு மூணு பாக்கலாமாண்ணா?”

சந்தோஷமாகத்தான் சொன்னார். லாஸ்பேட்டையில் ஒன்று, அரியாங்குப்பத்தில் ஒன்று. இரண்டுமே போன வருடம் முடிந்தவை.

நாத்தனார், சரசு அண்ணி, கரண்டியோடு வந்தார். “பிள்ளைச்சாவடியில பால்வாடி டீச்சருக்குக் கட்டினீங்களே, அதச் சொல்லுங்க. இவங்க மனைக்கு ரெண்டு தெருதானே.”

“அவங்க ஊர்ல இல்ல.”

சட்டென்று வந்தது பதில். பிறகு எனக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

வரும் வழியெல்லாம் அந்த அவசரம் மனதில் உறுத்திக்கொண்டே வந்தது.

மே 27, செவ்வாய்

வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் காலாப்பட்டு பஸ் ஏறினேன். பிள்ளைச்சாவடியில் இறங்கி டீச்சர் வீடு எது என்று வலை பின்னிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். கை காட்டினார்.

ஊரில்தான் இருக்கிறார். பெயர் விஜயா. என் வயதுதான் இருக்கும். வாசலில் வைத்தே பேசினோம். வீடு கட்டப்போகிறோம், பெருமாள் மேஸ்திரியிடம் கொடுக்கலாமா என்று கேட்டேன். உறவு என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளே கூட்டிப்போனார்.

சமையலறைக் கூரையில் ஒரு பாய் அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து கிடக்கிறது. உள்ளே கம்பி தெரிகிறது. கம்பி என்று சொல்ல முடியாது. துரு ஏறி ஏடு ஏடாக உப்பி, கை பட்டால் உதிர்கிறது. கட்டி ஆறு வருடம்.

“மொத தடவ விழுந்தப்ப எங்க மாமியாரு கீழ உக்காந்து காய் அரிஞ்சிட்டு இருந்தாங்க. தோள்ல விழுந்துச்சு. இன்னும் அந்தக் கைய முழுசா தூக்க முடியல. தலையில விழுந்திருந்தா?”

“மேஸ்திரி வந்து பாத்தாரா?”

“வந்தாரு. மேலால பூசிட்டுப் போனாரு. நாலு மாசத்துல மறுபடி விழுந்துச்சு. இப்ப போன எடுக்கறதில்ல.”

“எந்தத் தண்ணியில கட்டினாங்க?”

“இங்கதான், போர் தண்ணி. வாயில வெக்க முடியாது, அவ்ளோ உப்பு. எனக்கு என்னாங்க தெரியும்? கட்டறவருக்குத் தெரியும்னு விட்டுட்டோம்.”

இப்போது வாசல் பக்கம் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறார்கள். மாமியார் உள்ளே இருந்து “யாரும்மா?” என்று கேட்டார். விஜயா, “வீடு பாக்க வந்தவங்க” என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

மே 28, புதன்

இவரிடம் சொன்னேன். நினைத்ததுபோலவே.

“உன்ன யாரு அங்க போகச் சொன்னது?”

“கூரை விழுந்து கிடக்கு.”

“கடல் காத்து. அந்தப் பக்கம் எல்லா வீட்லயும் அப்படித்தான்.”

“அண்ணன் வீட்ல அப்படி இல்லியே.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் தட்டைத் தள்ளியது இதுதான் முதல் தடவை. மதி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்பளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 30, வெள்ளி

பேச்சில்லை. சாவி எங்கே, பால் வந்ததா, அவ்வளவுதான்.

இவர் பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். அப்பா இடத்தில் நின்றவரைச் சந்தேகப்படு என்றால் யாரால் முடியும்? நான் வந்து பத்து வருடம். அவர் இருபத்தைந்து வருடம்.

ஆனால் அந்த ரூமில் படுக்கப்போவது மதி.

வேலையில் மூன்று பெட்டி திரும்ப வந்தது. என் செக்கிங். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

ஜூன் 1, ஞாயிறு

புழுக்கம். மத்தியானம் கடல்காற்றும் வரவில்லை.

சரசு அண்ணி வந்தார். பெரிய மார்க்கெட்டில் இறங்கிப் பை நிறைய மாம்பழம். இவர் போனில் என்ன சொன்னாரோ தெரியாது. அண்ணிக்கு விஷயம் பாதி தெரிந்திருந்தது. டீச்சர் வீட்டுக்குப் போனது தெரியாது. நான் தயங்குகிறேன் என்பது மட்டும்.

கோபமாக வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“எங்க வீடு கட்டும்போது இன்னா பாடு படுத்தினாரு தெரியுமா கலா? ஒரு சொட்டு போர் தண்ணி சிமென்ட்ல படக்கூடாதுன்னுட்டாரு. உப்புத் தண்ணி கம்பிய அரிச்சுடும், பத்து வருசம் நிக்காதுன்னு. எல்லாத்துக்கும் டேங்கர் லாரித் தண்ணி. லாரி வரலன்னா அன்னிக்கி வேலையே நிறுத்திடுவாரு. அப்படிப் பாத்துப் பாத்துக் கட்டற மனுசன்கிட்ட குடுக்க உனக்கு இன்னா யோசனை?”

“அது எப்ப அண்ணி?”

“ஆறு வருசம் ஆச்சு. அந்த டீச்சர் வீடும் எங்க வீடும் ஒரே சமயந்தானே. காலையில அங்க, சாயங்காலம் இங்க.”

வாசலில் இவர் மதியின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாம்பழத்தை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அண்ணிக்குப் புரியவில்லை. டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட இவர் போனார். வந்து, செயினை மாட்டாமலே சைக்கிளை உள்ளே எடுத்து வைத்தார்.

அண்ணன் தெரிந்தே செய்திருக்கிறார்.

ஜூன் 2, திங்கள்

இவர் காலேஜ் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு யூனிபார்மோடே பிள்ளைச்சாவடிக்குப் போயிருக்கிறார். வந்து சோப்பு போட்டுக் கை கழுவினார். மறுபடி கழுவினார். விரல் இடுக்கில் துரு.

“அந்தம்மாவோட மாமியாருக்கு எங்க அம்மா ஜாடை,” என்றார்.

இரவு சாப்பிடவில்லை.

ஜூன் 4, புதன்

சாயங்காலம் இருவரும் காலாப்பட்டு போனோம். நான் வரவில்லை என்றேன். “நீயும் வா” என்றார்.

அண்ணன் பனியனோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் உட்காரவில்லை.

“மாமா, டீச்சர் வீட்டுக்குப் போனேன்.”

அண்ணன் பேப்பரை மடித்தார்.

“அப்ப கையில நாலு வேல சேகரு. ஒவ்வொரு எடத்துலயும் லாரிக்காக நிக்க முடியுமா? ஊர்ல எல்லாவனும் போர் தண்ணியிலதான் கட்டறான்.”

“இந்த வீட்டுக்கு நின்னீங்களே.”

“இது என் வீடுடா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் மாறியது. “உனக்குக் கட்டும்போது அப்படிச் செய்வனா? உன்ன வளத்தவன்டா நான்.”

“செய்ய மாட்டீங்க மாமா. தெரியும். எனக்குச் செய்ய மாட்டீங்க.” இவர் குரல் உடைந்துவிட்டது. “அந்தம்மாவுக்கு ஏன் செஞ்சீங்க?”

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை. யாரும் போய் அணைக்கவில்லை. கடைசியில் நான்தான் போய் அணைத்தேன்.

“அவங்களுக்குச் சரி பண்ணிக் குடுங்க மாமா,” என்றார் இவர். “அப்பறம் நாம பேசலாம்.”

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். அண்ணி எங்களைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

மூடிக் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற தேவி சொன்ன ஆள், அந்தோணி மேஸ்திரி. ஐம்பது வயது, குள்ளம், பேச்சு குறைவு. மனைக்கு வந்ததும் பிளானைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் போர் குழாயைத் திறந்து ஒரு கை வாயில் ஊற்றித் துப்பினார்.

“ஆகாது. வெளித் தண்ணிதான். அதுக்குத் தொட்டி ஒண்ணு கட்டணும். லாரி வரலன்னா வேல நிக்கும், நீங்க என்னைத் திட்டுவீங்க. இப்பவே யோசிச்சுக்குங்க.”

“உங்க வேலையில எங்கயாவது தப்பு ஆயிருக்கா?” என்று கேட்டேன். இவர் என் கையை இடித்தார்.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எங்களை வண்டியில் பின்னால் வரச் சொல்லி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். பாத்ரூம் தரையின் வாட்டம் தப்பாகப் போய்த் தண்ணீர் ரூமுக்குள் வந்ததாம். உடைத்து மறுபடி போட்டிருக்கிறார். புது டைல்ஸும் பழசும் நிறம் ஒட்டவில்லை. அந்த வீட்டம்மா, “ரெண்டு மாசம் எங்கள பக்கத்து வீட்டுக்குக் குளிக்க அனுப்பிச்சாரு” என்று அவர் எதிரிலேயே சொன்னார். அவர் தலையைச் சொறிந்தார்.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இவரும்தான், முகத்தில் தெரிந்தது.

வழியில் விஜயா வீட்டையும் காட்டினோம். சுத்தியல் பிடியால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். சமையலறை முழுக்கக் காலிப் பானையைத் தட்டுகிற சத்தம். “இத இடிச்சுட்டு வேற தளம் போடணும். அதுவரைக்கும் முட்டுக் குடுத்து வெக்கணும். யாரும் உள்ள போவாதீங்க.” விஜயா எங்களைப் பார்த்தார். உறவு என்று இவர் தனியாகப் போன அன்றைக்கே சொல்லிவிட்டாராம்.

ஜூன் 12, வியாழன்

பூஜை. காலை ஏழரைக்குள் முடிந்தது. லேசாகத் தூறல், பத்து நிமிடம். ஐயர் நல்லது என்றார்.

அண்ணன் வரவில்லை. அது தெரிந்ததுதான். அண்ணி வருவார் என்று இவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடப் பிறந்தவர் நிற்க வேண்டிய இடத்தில் தேவி நின்றாள். போட்டோவில் இவர் சிரிக்கவே இல்லை.

மதி செங்கல்லுக்குப் பொட்டு வைத்தாள். தன் ரூம் எது என்று கேட்டாள். காட்டினேன். இவ்வளவுதானா என்றாள்.

இந்த ஒன்றரைக் குழிக்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்தோமா? மேஸ்திரி அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது இதுவே ஓடியது.

ஜூன் 13, வெள்ளி

டிஃபன் நேரத்தில் போன். சரசு அண்ணி. வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

“கலா, அந்த டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“வேணாம்னு தடுத்துச்சு அந்தம்மா. கேக்காம சமையக்கட்டுல போய் நின்னேன். மேல பாத்துட்டு நின்னேன்.”

மூச்சு வாங்குவது கேட்டது.

“உங்க மேஸ்திரி நம்பர் குடு.”

“அண்ணன்...”

“நம்பர் குடுன்னேன்.”

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று கேட்டார். அன்று கோயிலுக்குப் போவார், திங்கள்தான் முடியும் என்றேன்.

“சரி, திங்கக்கிழம. டீச்சர் வீட்டுக்கு வரச் சொல்லு. நான் அங்க இருக்கேன்.”

வைத்துவிட்டார்.