கண்டி ஏரியில் மதினி

மதினி,

இன்று காலை பதுளை முத்தியங்கனை விகாரைக்கு எதிரே ஒரு பூக்காரி தாமரை மொட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்த ஈர வாசனை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மருந்து வாங்க வந்தவள், நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரிக்கிறேன். பூக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண்டியில் தலதா மாளிகைக் கோயில் வாசலில் நீங்களும் நானும் தாமரைத் தட்டு ஏந்தி நின்றது அவளுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. சாவு வீட்டில் எல்லாரும் உங்களைப் பற்றி ஒன்றையேதான் சொன்னார்கள்: மடுல்சீமை மலையில் முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். கண்டிப் பயணத்தை ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல என்னையும் என் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது.

அண்ணன் கண்டி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து கண்மூடிய பிறகு, ஆறு வருஷம் நீங்கள் அந்த ஊர்ப் பெயரையே எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. நீங்கள் தோட்ட வேலையிலிருந்து நின்ற மறுவாரம், நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தீர்கள். தொட்டில்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மெதுவாகக் கேட்டீர்கள்.

“ஏ புள்ள, கண்டிக்குப் போவமா?”

“எதுக்கு மதினி?”

“சும்மா, பாக்கத்தான். அந்த ஊர்ல நான் பாத்தது ஆஸ்பத்திரிச் சுவரு ஒண்ணுதான். ராஜா இருந்த ஊராம். அப்படியே விட்டுற முடியுமா?”

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிளம்பினோம்.

ரயிலில் எல்ல ஸ்டேஷன் தாண்டும்போது வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். “கடல் தாண்டி வந்து நம்ம மலையப் பாக்குறாங்க. நாம கூப்பிடு தூரத்துல இருக்குற கண்டியப் பாக்கல” என்று சத்தமாகவே சொன்னீர்கள். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அவர்களுக்கும் ஆளுக்கொரு வடை நீட்டினீர்கள்.

என் மகள் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். அவளுடைய அறையில் தங்கிக்கொண்டு மறுநாள் காலை மாளிகைக்குப் போனோம். அவளும் எங்களோடு வந்தாள். அங்கே மேளம் முழங்கியது. வெள்ளை உடுத்த கூட்டத்தில் தள்ளுண்டு தாமரைகளை வைத்துவிட்டு வெளியே வந்தோம். ராஜா சபை கூடிய மண்டபத்தின் மரத்தூண்களைத் தடவித் தடவிப் பார்த்தீர்கள். அந்தக் கடைசி ராஜாவுக்குத் தமிழ் தெரியும், மாளிகைக்கு எதிரே இருக்கும் இந்த ஏரியை வெட்டியதும் அவர்தான் என்று மகள் சொன்னாள். “அப்ப தமிழ்லயே கேட்டு வாங்கி உக்காந்திருக்கலாமே, சபையில ஒரு நாற்காலி!” என்றீர்கள். அவள் சிரித்தபடியே கடைக்கு ஓடினாள்.

செருப்பு எடுக்கும் இடத்தில்தான் உங்களைத் தொலைத்தேன். உங்கள் செருப்பையும் என் செருப்பையும் கையில் வாங்கித் திரும்பினால், நீங்கள் இல்லை. உங்கள் போன் என் பையில் இருந்தது. வாசல் முழுக்கத் தேடினேன். பூக்கடைகள், பஸ்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை, எங்கும் இல்லை. அரைமணி நேரமாயிற்று. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பீர்கள் என்று மனதில் பட்டது. அந்தச் சுவரோரம் தனியாக நின்று அழுவீர்கள் என்று நினைத்தேன். ஏரிக்கரையோரம் ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தி, ஏறப் போனேன்.

“ஏ புள்ளேய்! இங்க! தண்ணியில!”

ஏரி நடுவில் ஒரு படகு. சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு சிங்களக் குடும்பத்தின் நடுவே வெறுங்காலோடு உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டுகிறீர்கள்! ஓடையைத் தாண்டவே என் கையைப் பிடிக்கும் நீங்கள்! கையில் இரண்டு ஜோடிச் செருப்போடு நான் அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. ஆட்டோக்காரரும் இறங்கி வந்து கை ஆட்டினார்.

படகு கரை சேர்ந்ததும் திட்டினேன். “சொல்லிட்டுப் போகக் கூடாதா மதினி? உசிரே போச்சு!”

“சொன்னா நீ விடமாட்டியே. படகுல இருந்த அந்த அம்மா ‘வாங்க’ன்னு கைகாட்டிக் கூப்பிட்டுச்சு, ஏறிட்டேன்.”

பிறகு கரைக்கல்லில் உட்கார்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “நடுத் தண்ணியில இருந்து அந்த ஆஸ்பத்திரியத் தேடுனேன் புள்ள. எந்தப் பக்கம்னே தெரியல. மலை, மரம், கோயிலு... எம்புட்டுப் பெரிய ஊரு இது! உங்க அண்ணனுக்கு இதக் காட்டாம விட்டுட்டோமே.”

அண்ணனைப் பற்றி நாம் இருவரும் அழாமல் பேசியது அன்றுதான். அவர் என் சடையைப் பிடித்து இழுப்பதை நான் சொன்னேன். உங்களைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டதை நீங்கள் சொன்னீர்கள். பசிக்கும்வரை அந்தக் கல்லை விட்டு எழவில்லை.

மதினி, இப்போது வருஷத்துக்கு ஒரு ஊர் என்று வைத்திருக்கிறேன். போன வருஷம் அனுராதபுரம். அடுத்த மாதம் பொலன்னறுவைக்கு நம் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிப் போகிறேன். அவர்களில் ஒருத்தி நேற்று பயந்துபோய்க் கேட்டாள்: “அங்க நமக்கு யாரு இருக்கா அக்கா?”

“போனா இருப்பாங்க, வா” என்றேன். குரல் என்னுடையதுதான். பேசியது நீங்கள்.