தாட்சர், மெர்க்கல், அப்பாவின் முதுகு

அப்பா,

நேற்று சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் ஆல்ஃப் மாமா, “உம் பொண்ணு தாட்சரப் பத்தி ஆய்வே எழுதிட்டாளாமே. வீட்ல படமும் மாட்டிருவா போல” என்று சிரித்தார். உடனே நீங்கள் நாற்காலியைத் திருப்பி எனக்கு முதுகு காட்டினீர்கள். 1984 சுரங்க வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குப் போனவர்களுக்கு நம் டர்ஹாமில் இன்றும் காட்டுகிற அதே முதுகு.

ஒரு பக்கமாவது படித்தீர்களா? பிரிட்டிஷ் பிரதமராக இருந்த தாட்சரை ஜெர்மனியை ஆண்ட மெர்க்கலோடு ஒப்பிட்டேன். இருவரும் அரசியலுக்கு வருமுன் வேதியியல் ஆய்வாளர்களாக இருந்தவர்கள். இருவர் ஆட்சியிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மெர்க்கல் அரசு தொழிலாளர்களுக்கு வழி செய்துவிட்டு மெதுவாக மூடியது. தாட்சர் அரசு உங்கள்மேல் போலீஸை ஏவியது. அதைத்தான் எழுதினேன்.

அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை பட்டமளிப்பு, நம் வீட்டின் முதல் பட்டம். உங்கள் இருக்கையை யாருக்கும் தர மாட்டேன். வராவிட்டால் காலியாகக் கிடக்கட்டும். அதன் பக்கத்தில் அம்மா உட்காரட்டும்.

இன்னமும் உங்கள் மகள்