உன் அப்பா இரவல் கொடுத்த அடுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பா உடம்பளவில் நலம், மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறு என்ன செய்ய முடியும் இங்கிருந்து. இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ ரெண்டு யோசனை சொல்லிவிடுவாய், உன் அப்பா பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போடு ஸ்பீக்கரில் போடு என்று என் முழங்கையை இடிப்பார். காகிதம் குறுக்கே பேசாது. அதோடு அந்த மழையில் நடந்ததை அவர் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். "கரண்ட் போச்சும்மா, சமாளிச்சுட்டோம், அடுப்பு நல்லா உதவுச்சு" என்று அவர் உன்னிடம் அளந்தபோது நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முழுக்கதையை நான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் உன்னைத் திட்டிவிட்டு ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. போன தடவை வந்திருந்தபோது ஊருக்குக் கிளம்புகிற அன்று, பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாயே, "ஒரேயடியா வாங்கிக் குவிக்க வேணாம்மா, வாரத்துக்கு ஒரு பொருள் போதும், கொஞ்சம் கொஞ்சமா வீடு எதுக்கும் தயாராயிடும்" என்று. சொல்லிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். விமானம் ஏறுகிறவர்களுக்கு யோசனை சொல்வதில் என்ன கஷ்டம், அந்த யோசனையோடு குடித்தனம் நடத்தப்போகிறவள் நான்தானே. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், ஓய்வு பெற்றதிலிருந்து ரிப்பேர் செய்ய எதுவும் கிடைக்காமல் என் மிக்ஸியை அவிழ்த்துப் பரப்பிக்கொண்டிருந்தவர். அவர் கையில் நீ இந்த வேலையைக் கொடுத்தாய். முதல் வாரம் மெழுகுவர்த்தி. சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் தண்ணீர் கேன் வந்தது, தீப்பெட்டிகள் ஜாடிக்குள் போயின, டார்ச் லைட்டுகள் வந்தன, குளியலறையில் ஒன்று, செருப்பு ஸ்டாண்டில் ஒன்று, என் தலையணைக்குக் கீழே ஒன்று. கட்டடம் முழுக்க அவரை டார்ச் சார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அவர் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார். டின்னில் அடைத்த பயறும் மீனும் கட்டிலுக்கடியில் கோபுரமாக ஏறின, டின்னைத் திறக்கிற கருவி மட்டும் இன்றுவரை இந்த வீட்டுக்கு வரவில்லை. கழுத்தில் ஒரு விசில் தொங்கியது, குளிக்கும்போதும் கழற்றமாட்டார். உன் அறைக்குள் போகவேண்டுமென்றால் நான் இப்போது நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சீரியலில் முக்கியமான இடத்தில் இருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டில் வந்து நின்று, "ஒத்திகை" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இல்லை என்றேன், அதுவும் ஒத்திகைதான் என்றேன்.

அதற்கப்புறம்தான் உன் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் பெரிய பால் டின் அளவுக்கு ஒரு தகர டப்பா, சுற்றிலும் ஓட்டை, மடக்கி விரிக்க மூன்று கால். கையோடு எடுத்துப்போகிற விறகு அடுப்பாம். விறகிலிருந்து விடுபடத்தானே என்னைப் பெற்றவள் பாடாய்ப் பட்டாள், நீ வெளிநாட்டில் வேலை பார்த்துச் சம்பாதித்து எனக்கு விறகு அடுப்பு அனுப்புகிறாய். உன் அப்பாவோ குழந்தை மாதிரி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். காலையில் நடக்கப்போகிறவர் பையோடு போய், தெரு மரங்களிலிருந்து விழுந்த குச்சியெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார், பெயிண்ட் அடித்த மரம் ஆகாதாம், ஈரம் ஆகாதாம், கட்டைவிரல் கனத்துக்குமேல் ஆகாதாம், பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு நொட்டை சொல்லமாட்டார்கள். மொட்டை மாடியில் முதல் தடவை பற்றவைத்தார். ஈரக் குச்சி. அந்தப் புகையில் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வெள்ளைச் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன, இனி அவை வெள்ளை இல்லை. அவர் மேலே ஓடிவந்து, "என்ன சார் இது, கட்டடத்துக்கே தீ வெக்கப் பாக்கறீங்களா" என்று கத்த, உன் அப்பா ஒரு முட்டையைக் காட்டி, "இன்னும் கொஞ்ச நேரத்துல வெந்துடும் சார்" என்கிறார். அந்த முட்டை வேகவும் இல்லை, செயலாளர் அடங்கவும் இல்லை. நீயோ ஒவ்வொரு போனிலும் ஒரே பாட்டு, "அம்மா, அடுப்பை வீட்டுக்குள்ள மட்டும் பத்த வெக்காதீங்க, புகை நின்னு வெறும் கனலா இருந்தாக்கூட உள்ள கொண்டு வராதீங்க, அதுலேருந்து வர்ற விஷவாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தலைவலி வந்து தூங்கினாப்புல போயிடுவாங்க." எத்தனை தடவைடி சொல்லுவாய் என்று நான் ரிசீவரை அப்பாவிடம் தள்ளிவிடுவேன். அவரும் "சரிம்மா சரிம்மா" என்பார், கண் டிவியில் இருக்கும்.

அப்புறம் மழை வந்தது. அதை நீ செய்தியில் பார்த்திருப்பாய், செய்தியில் பார்ப்பவர்களுக்கு மழை நனைக்காது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் போனது, லிஃப்ட் நின்றது, குழாயில் வருகிற கேஸையும் ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். செயலாளருடைய பெரிய ஜெனரேட்டர் தண்ணீருக்கடியில் மீன்களுக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. உன் அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே அன்று. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. விசிலை ஊதிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கி மெழுகுவர்த்தி கொடுத்தார். பால்கனியில் அடுப்பை வைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார், கரி வாசனையோடு. குடிக்கிற மாதிரிதான் இருந்தது, இதை அவரிடம் சொல்லிவிடாதே.

மறுநாள் காலை கீழ் வீட்டுப் போட்டோ ஸ்டுடியோக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவரும், பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற அவர் மனைவியும், வாண்டு என்று நாங்கள் கூப்பிடும் அவர்களுடைய சின்னப் பெண்ணும் போன வருஷம்தான் குடிவந்தார்கள். வாண்டுக்கு ஜுரம், குளிரில் நடுங்குகிறாள், பாலும் வெந்நீரும் வைக்க வழியில்லை என்றார். உன் அப்பா அடுப்பையும் பொறுக்கி வைத்த குச்சிகளையும் தூக்கிக்கொண்டு தானே இறங்கிப்போனார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழுந்து பார்த்தால் எனக்குத் தேநீருக்கு அடுப்பு இல்லை. ஊருக்கெல்லாம் உபகாரம், வீட்டுக்காரி மட்டும் பச்சைத் தண்ணீர் குடிக்கவேண்டும். மத்தியானம்வரை பொறுத்தேன், அதற்குமேல் பொறுக்கவில்லை, அடுப்பைக் கேட்டு வாங்கி வருகிறேன் பார் என்று இறங்கிப்போனேன். ஆமாம், நான் போனது அவர்களைக் காப்பாற்ற இல்லை, தேநீருக்குத்தான். அதையும் தெரிந்துகொள்.

தட்டினேன், திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். ரொம்ப நேரம் கழித்து ஸ்டுடியோக்காரர் மனைவி கதவைத் திறந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. முகம் ஒரு மாதிரி இருந்தது, நாக்கு குழறியது. "ஆன்ட்டி, தலை பிளக்குது, வாண்டுவோட ஜுரம் எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு போல, அவரும் படுத்துட்டாரு" என்றாள். அவளைத் தாண்டிப் படுக்கையறையைப் பார்த்தேன். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலெல்லாம் சாத்தி, இடுக்கில் துணி செருகியிருந்தார்கள். நடுவில் தட்டின்மேல் உன் அடுப்பு. புகையே இல்லை. செக்கச்செவேலென்று கனல் மட்டும், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. கட்டிலோரம் அவர் தலை தொங்கி உட்கார்ந்திருக்க, மடியில் வாண்டு துணி மாதிரி கிடந்தாள். அப்போது என் காதில் உன் குரல் கேட்டது. எரிச்சல் பட்டுப்பட்டே எனக்கு மனப்பாடம் ஆகியிருந்த அந்த வாக்கியம், ஒரு எழுத்து விடாமல். நான் கத்திய கத்தலில் செயலாளரே இறங்கி ஓடிவந்தார். ஜன்னலைத் தள்ளித் திறந்தேன், துணி செருகியிருந்த ஒன்று திறக்கவில்லை, கையில் அகப்பட்ட காமிரா ஸ்டாண்டால் கண்ணாடியை உடைத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் மழைக்காற்று அடிக்கிற இடத்துக்கு ஓடினேன். உன் அப்பா வந்து ஸ்டுடியோக்காரரைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துவந்தார், அவர் வாந்தி எடுத்தார், அது நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம். வாண்டு அழவில்லை. அவள் அழவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் தட்டுகிறேன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், உதடு மட்டும் அசைகிறது. மேல் வீட்டு வேன் டிரைவர் தெருமுனை மேட்டில் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்துவந்து எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆக்சிஜன் வைத்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அந்தக் குட்டி கண்ணைத் திறந்து மூக்கிலிருந்த மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓவென்று அழுதாள், டாக்டரம்மா சிரித்தார், நான் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பிழைத்தார்கள், மூவரும் நன்றாக இருக்கிறார்கள். கதை இத்தோடு முடிந்திருந்தால் உன் அப்பாவே உனக்குச் சொல்லியிருப்பார். வீடு திரும்பியதும் ஸ்டுடியோக்காரர் பழங்களோடு மேலே வந்தார், உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நாங்க இல்ல சார்" என்றார். உன் அப்பா தரையைப் பார்த்தார். செயலாளர், சட்டைக்காக ஆடிய அதே மனுஷன், பாராட்டுக் கூட்டம் போடலாம், வீட்டுக்கொரு அடுப்பு வாங்கலாம், டார்ச் சார் தலைமையில் குழு அமைக்கலாம் என்று தாவினார். அறிவு நனைந்துவிட்டதா உங்களுக்கு என்று கேட்டு அனுப்பினேன். உன் அப்பாவோ சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். என்ன என்று நான் அதட்டியபோதுதான் வாயைத் திறந்தார். "அடுப்பைக் குடுக்கும்போது நான்தான் சொன்னேன். பால்கனியிலேயே பத்த வெச்சுக்கோங்க, எரிஞ்சு முடிஞ்சதும் கனலை ரூம்ல வெச்சா குழந்தைக்குக் கதகதப்பா இருக்கும்னு. நம்ம பொண்ணு அத்தனை தடவை சொன்னா, நான் காதுல வாங்கல." எனக்கு எப்போதும் வாயில் தயாராக ஒரு குத்தல் இருக்கும் என்று உனக்குத் தெரியும். அன்று இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

அப்புறம் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார். வேண்டாம், யாருக்கும் தெரியாதே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு படியில் நின்றேன். என்னிடம் சொன்னதை அவர்களிடம் அப்படியே சொன்னார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "குழந்தை படுத்திருந்த ரூம் சார்" என்றார் ஸ்டுடியோக்காரர், அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார். உன் அப்பா படி ஏறி வந்ததைப் பார்த்தால் லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு வயசானவர் குடிவந்த மாதிரி இருந்தது. எத்தனையோ நாள் அவர் மேலே விழுந்து பிடுங்கியிருக்கிறேன், அன்றைக்கு அவரை இன்னொருத்தர் அப்படி நிற்கவைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. நியாயம் அவர்கள் பக்கம்தான், இருந்தும் பொறுக்கவில்லை.

போன வாரம் வாண்டுவின் அம்மா மட்டும் மேலே வந்தாள். கையில் அடுப்பு, தேய்த்துக் கழுவியிருந்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், "அவருக்கு உங்க மேல கோபம் சார், எனக்கும் இருக்கு. ஆனா மழை இன்னும் முடியல, மறுபடியும் கரண்ட் போகும், பால் காய்ச்சணும். மாடிக்கு வந்து சொல்லிக் குடுங்க. இந்த வாட்டி முழுசா." போனார்கள், நானும் போனேன், தூறலுக்குக் குடை பிடிக்க ஆள் வேண்டாமா. உன் அப்பா எடுத்த தீக்குச்சியைக் கீழே வைத்தார். பற்றவைப்பதற்கு முன்னாலேயே அணைப்பதைத்தான் சொல்லிக்கொடுத்தார். கனலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துப் பார்த்து, சாம்பல் ஆறும்வரை மாடியிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று. அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னாள், மறுபடி சொல்லச் சொன்னார். அவரை இவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததில்லை, எனக்கு இந்தப் பொறுமை கிடைத்ததும் இல்லை. ஸ்டுடியோக்காரர் இன்னும் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். உன் அப்பா நின்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார், பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அவரிடம் பேசும்போது அடுப்பைப் புகழாதே, ஆறுதலும் சொல்லாதே, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேள், போதும். புதிதாக எதையும் அனுப்பாதே, டின் திறக்கிறதைத் தவிர. ஊரில் பாதிப்பேர் பொருள் வாங்கினாலே ஆபத்து பயந்து ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள், உன்னைப் பெற்றவரும் அப்படித்தான் நினைத்தார், நீயும் அப்படித்தான் நினைக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். உன் வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னலைக் குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருக்கமாட்டீர்கள். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அந்த ஜன்னல் திறக்கிறதா என்று பார். குளிர் உள்ளே வந்தால் வரட்டும், மாப்பிள்ளை கத்தினால் நான் சொன்னேன் என்று சொல். உங்களுக்கு எந்தக் குறையும் வராமல், ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கவேண்டும். நீ சொன்னதை இனி முதல் தடவையிலேயே கேட்பேன் என்று மட்டும் கனவு காணாதே.

இப்படிக்கு,
உன்னை வாய் ஓயாமல் பேசவிட்டு வளர்த்த
அம்மா