எண்ணெய் முழுக்கும் நீச்சல் தடாகமும்

அம்மா,

மாலை வகுப்புக்குப் போகிறேன். புட்டு மூடியிருக்கிறது.

நேற்று எண்ணெய் வைத்த தலையோடு வீட்டு நீச்சல் தடாகத்தில் இறங்கினீர்கள் என்று கத்திவிட்டேன். "இனி உதுக்குள்ளை காலே வைக்கமாட்டன்" என்றீர்கள். உங்கள் முழங்காலுக்குத் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னவரே டொக்டர்தான். அதை நானே கெடுத்துவிட்டேனோ என்று நாட்குறிப்பில் எழுதி எழுதி வெட்டினேன்.

எண்ணெய் குளோரீனைத் தின்றதால்தான் தண்ணீர் கலங்கியது. நேற்றே குளோரீன் போட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பைச் சமப்படுத்தக் கொஞ்சம் அமிலமும் விட்டேன். சோதனைத் தாளில் இரண்டும் சரி. நான்கு முறை பார்த்தேன்.

ஐந்து மணிக்கு இராசமலர் மாமி வருவா. அவவோடு இறங்குங்கள். கோபமென்றால் என்னோடு கதைக்காதீர்கள். நடக்காமல் மட்டும் விடாதீர்கள்.

வினோஜா

பி.கு.: தாளை முழுதாக நம்பவில்லை. காலையில் நானே இறங்கி, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தேன். எரியவில்லை, அம்மா.