முனகும் மோட்டார்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. மாடியில் நீங்கள் எல்லோரும் நலமாக நடமாடுவது என் தலைக்கு மேலேயே கேட்கிறது.

விஷயம் மோட்டார். சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் டிரிப் ஆகிவிடுகிறது. தொட்டித் தண்ணீர் இன்று மாலையைத் தாண்டாது. ‘ஒண்டிக்கிட்டு இருக்கிறவளுக்கு என்ன இவ்வளவு பேச்சு’ என்று உன் நண்பர்கள் எதிரில் கேட்டாயே, அதனால் ஆள் கூப்பிட எனக்கு உரிமை உண்டோ இல்லையோ என்று எழுதிக் கேட்கிறேன். மாதக் கடைசியில் மகள் வீட்டுக்கே போய்விடுவேன். அதுவரை குளிக்க வேண்டும் அல்லவா.

கீழ் வீட்டு அக்கா


மார்ச் 4, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வீட்டுக்குள் கதவிடுக்கில் கடிதம் போடுகிற வயதா நமக்கு? நீ ஆரம்பித்தாய், நானும் எழுதுகிறேன்.

முனகினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். பழையது உப்பியிருந்தது, மாற்றிவிட்டேன். காலையில் போட்டுப் பார். அப்போதும் முனகினால் உடனே அணைத்துவிடு, உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடும்.

மகள் வீட்டுக்குப் போவதைப் பற்றி அவசரப்படாதே.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

அதே முனகல்தான். மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பிடிவாதத்தில் நம் அப்பாதான், அசையவில்லை. கரண்டில் கோளாறு என்றால் கையால் சுற்ற வரும். இது எங்கேயோ இறுகியிருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிடு. அதுவரை தெருக்குழாய்த் தண்ணீரில் சமாளிக்கிறேன்.

நான் அவசரப்படவில்லை. அன்று நீதான் அவசரப்பட்டாய்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வேலைக்குப் போயிருந்தபோது மெக்கானிக் வந்தார். நீ சொன்னது சரி. மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற தண்டைச் சுற்றி, தண்ணீர் ஒழுகாமலிருக்க, ஒரு கயிறு மாதிரி பேக்கிங் இருக்கிறது. அதை அழுத்திப் பிடிக்கிற நட்டைத் திருகித் திருகி, தண்டையே நெரித்துவிட்டோமாம். “யாரு சார் இதை இப்படி இறுக்கினது?” என்று கேட்டார். தண்ணீர் சொட்டியதால் சனிக்கிழமைதோறும் லேசாகத் திருகுவேன் என்றேன். “லேசா திருகினதுக்கு இப்படி ஆவாதே. இன்னொரு கை பட்டிருக்கு” என்றார்.

உண்மையைச் சொல், நீயும் திருகினாயா?

தம்பி


மார்ச் 6, மாலை

தம்பிக்கு,

திருகினேன். புதன்கிழமைகளில். சொட்டுகிறதே, மாடியில் இருக்கிற மகாராஜாவுக்குக் கண் தெரியவில்லையா என்று திட்டிக்கொண்டேதான் திருகினேன். நீ என்னைத் திட்டிக்கொண்டே திருகியிருப்பாய். பேசிக்கொள்ளாத வீட்டில் மோட்டார் என்ன செய்யும், பாவம்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

புது பேக்கிங் வைத்தாகிவிட்டது. முதலில் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. உள்ளே காற்று. மேல் மூடியைத் திறந்து வாளியால் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகு ஏறியது. “கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், விடுங்க. அந்தத் தண்ணிதான் அதைச் சூடாகாம வச்சிருக்கு. அதிகமா ஒழுகினா மட்டும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கால் சுற்று திருகுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அந்த ஒரு ஆள் நீயே.

அக்கா, போகாதே. அன்று நான் சொன்னது தப்பு. நீ வந்த பிறகுதான் இது வீடானது. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுத்திலேயே தந்துவிடுகிறேன். இதை வைத்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் எழுதித் தர இது என்ன பத்திரமா? வாயால் கொட்டியதைப் பேனாவால் அள்ள முடியாது. நான்கு பேர் கேட்கச் சொன்னாய், அதே நான்கு பேர் கேட்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

உன் நண்பர்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லிவிட்டேன். கீழே, என் வீட்டில். சமையல் என்னுடையது, பேச வேண்டியது நீ. பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் எழுந்து கை கழுவிய பிறகும் நீ வாய் திறக்கவில்லை என்றால், அன்று சாயங்காலமே கிளம்புகிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. கதவிடுக்கில் காகிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

உன் அக்கா