பல்லியின் ஜன்னல்

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொன்னால் குழந்தை மாதங்கி காதில் விழும். அதனால்தான் நீங்கள் இருக்கும் கரக்பூருக்கே வரும் பக்கத்து வீட்டு தீபங்கர் அண்ணா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காளிகாட்டில் தடித்த திரைச்சீலை வாங்கி ஜன்னலில் மாட்டிவிட்டேன். இந்தப் புழுக்கத்தில் எதற்கு என்பீர்கள்.

ஒன்பது வருடமாக யூடியூபில் என் கார்ட்டூன் பல்லி உட்கார்ந்து பாடுவது இந்த ஜன்னலில்தானே. அதன் பாட்டுக்குத் தாளமும் நம் தெருச் சத்தம்தான். "வேற வீடு வரையேன். நம்ம ஜன்னலை ஏன் ஊருக்கே காட்டறே?" என்று கேட்டீர்கள். கண்ணெதிரே இல்லாததை வரைய எனக்கு வராது, பெயரும் முகமும் காட்டவில்லையே, போதாதா என்று சண்டை போட்டேன்.

போன வாரம் யாரோ ஒருவர் கமெண்டில், "இடமிருந்து மூன்றாவது கம்பி வளைந்திருக்கிறது. இன்று நேரில் பார்த்தேன்" என்று எழுதினார். விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

முந்தாநாள் அவரே என் சேனல் மெயிலுக்கு ஒரு படம் அனுப்பினார். தெருவில் நின்று பார்த்து வரைந்த நம் ஜன்னல். பல்லி அச்சு அசலாக என் பல்லி. பக்கத்துக் கொடியில் மாதங்கியின் பள்ளிச் சீருடை காய்கிறது. எந்தப் படத்திலும் நான் குழந்தைத் துணி வரைந்ததே இல்லை.

நேற்றும் இன்றும் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சளி என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. சனிக்கிழமை வரை இருக்காமல் உடனே வாருங்கள். வந்ததும் மணி அடிக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். கீழே நின்று தமிழில் கூப்பிடுங்கள்; இந்த வங்காளித் தெருவில் தமிழ் பேசுவது நம் வீடு மட்டும்தானே. அப்போதுதான் திறப்பேன்.

இப்படிக்கு,
கதவுக்கு உள்ளே
உங்கள் மனைவி